மாமின்னு சொல்லு மக்கா

பிள்ளை வளர்ப்பதுகூட அவ்வளவு பெரிய காரியமில்லை. வளர்த்த பிள்ளைக்கு, ‘நான் உன் அம்மா இல்லை’ என்று சொல்லிக்கொடுப்பதுதான் பெரிய காரியம். ஐடா போன வாரம் முழுக்க அந்தப் பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருந்தாள். படிக்க வந்தவள் ஒரே ஒருத்தி, நாலு வயது அக்சா. பாடமோ மண்டையில் ஏறுகிற வழியாக இல்லை.

“நான் ஆரு?”

“அம்மா.”

“இல்ல மக்கா. அப்பாவுக்க அக்கா மாமி. மாமின்னு சொல்லு.”

“மாமி.”

“அப்பம் மம்மி ஆரு?”

“போனு.”

சிரிக்காமல் என்ன செய்ய? அக்சாவைப் பொறுத்தவரை மம்மி என்றால் போன்தான். சாயங்காலமானால் அதில் ஒரு முகம் வெளிச்சமாக வரும். ‘மம்மிக்கு ஒரு உம்மா குடு’ என்று கேட்கும். திரையில் எச்சில் பட ஒரு முத்தம் கொடுத்துவிட்டு அக்சா விளையாட ஓடிவிடுவாள்.

கதையை நடுவில் பிடித்தவர்களுக்காக நாலு வரி. ஐடாவின் தம்பி பெனிஷும் அவன் மனைவி லிஜாவும் மஸ்கட்டில் இருக்கிறார்கள். அவன் ஏசி மெக்கானிக், அவள் ஒரு கிளினிக்கில் நர்ஸ். பிரசவ லீவு முடிந்ததும் கைக்குழந்தையைப் புதுக்கடை என்கிற சொந்த ஊரில் நாத்தனார் ஐடாவின் மடியில் போட்டுவிட்டு லிஜா விமானம் ஏறினாள். கல்யாணம் ஆகாத ஐடா, அண்டியாபீசில் முந்திரிப்பருப்புக்குத் தோல் எடுக்கிற வேலையை அன்றோடு விட்டாள். இப்போது அங்கே வீடு பார்த்தாயிற்று. பிள்ளைக்கு விசா வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் இடமும் கிடைத்துவிட்டது. கூட்டிப்போக அவர்களுக்கு லீவு இல்லை. அதனால் ஐடாவே கொண்டுபோய் விட்டு, பிள்ளை பழகும்வரை ஒரு மாதம் அங்கே இருந்துவிட்டுத் திரும்புவது என்று முடிவாகியிருந்தது.

லிஜா கேட்டது ஒன்றே ஒன்றுதான். “மைனி, நாலு பேரு இருக்க எடத்துல அவ உங்கள அம்மான்னு கூப்பிடாம கொஞ்சம் பாத்துக்கிடுங்க.” அதட்டிக் கேட்கவில்லை, கெஞ்சித்தான் கேட்டாள். அதனாலேயே ஐடாவால் கோபப்படவும் முடியவில்லை.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். தன் பிள்ளை என்று ஒன்று இல்லாதவளுக்கு என்ன வளரும் என்று அந்தப் பழமொழி சொன்ன புண்ணியவான் சொல்லாமலே போய்விட்டான்.

இன்றைக்குப் பயண நாள்.

விடிந்ததிலிருந்து ஐடாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெனிஷ் எடுத்திருந்தது இருப்பதிலேயே மலிவான டிக்கெட். பெட்டிக்குத் தனிக் காசு, சாப்பாட்டுக்குத் தனிக் காசு, ஜன்னலோரம் உட்காரத் தனிக் காசு. மூச்சு விடுவதற்கு மட்டும் இன்னும் காசு வைக்கவில்லை. ஒரு பெரிய பெட்டிக்குத்தான் அவன் பணம் கட்டியிருந்தான். மற்றபடி ஆளுக்கு ஏழு கிலோ கையில் கொண்டுபோகலாம்.

மேலே வைத்த ஐடாவின் இரண்டு சேலையும் ஒரு போர்வையும் போக, பெரிய பெட்டி முழுக்க அக்சாவின் சாமான். உடுப்பு, செருப்பு, ஞாயிறு பள்ளியில் பரிசாகக் கிடைத்த டப்பா, காது கிழிந்த முயல் பொம்மை. ஐடாவுக்கு ஒரு கைப்பை போதும். திரும்பி வருகிறவளுக்கு என்ன வேண்டிக் கிடக்கிறது?

“அம்மா, வேர்க்குது.”

சித்திரை வெயிலில் பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை போட்டுவிட்டிருந்தாள். உடம்பில் கிடந்தால் எடையில் சேராது என்று பெனிஷ் சொல்லியிருந்தான்.

“அம்மா இல்ல, ஆரு?”

“மாமி, வேர்க்குது.”

கேட்டால் சொல்லுவாள். கேட்காவிட்டால் அம்மாதான். ஒரு வாரப் பாடத்துக்குக் கிடைத்தது இவ்வளவே.

பெட்டியை நிறுக்க ரப்பர் ஷீட் வாங்குகிற கிருஷ்ணமணியின் கடைக்கு உருட்டிக்கொண்டு போனாள். ரப்பர் ஷீட் கட்டைத் தொங்கவிட்டு நிறுக்கிற தராசுக் கொக்கியில் அவர் பெட்டியை மாட்டினார்.

“சரியா இருக்கு மக்கா. ஒரு பொட்டு கூட்டி வச்சிராத. அவனுவ ஏர்போர்ட்டு வாசல்ல வச்சுத் தொறக்கச் சொல்லுவானுவ.”

“செரி அண்ணாச்சி.”

“டிக்கெட்டு ரெண்டு பேருக்கும் போக வரவா?”

“எனக்குப் போக வர. பிள்ளைக்குப் போக மட்டும்.”

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவளுக்கே உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் இருவரையும் முன்னால் நிறுத்தி, போக்கையும் வரத்தையும் காக்கும்படி ஜெபம் செய்திருந்தார். பிள்ளைக்கு வரத்து இல்லையே ஆண்டவரே என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சபை நடுவில் சொல்ல வாய் வரவில்லை.

கிருஷ்ணமணி பெட்டியைக் கொக்கியிலிருந்து இறக்கினார். கடையில் கிடந்த ஒரு மிட்டாயை எடுத்து அக்சாவிடம் நீட்டினார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பூங்கனி முந்தானையால் மூடிய ஒரு பொதியோடு வந்து நின்றாள். நம்மூரில் ஒருத்தர் விமானம் ஏறுகிறார் என்றால் ஊரில் பாதிப்பேர் பொதி கட்டத் தொடங்கிவிடுவார்கள். அங்கே பிள்ளை இருக்கிற வீட்டுக்காரியிடம் மாட்டேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

“ஏட்டி ஐடா, ஒரு சின்னப் பொதி. எனக்க பிபினுக்கு.”

“என்னது, அக்கா?”

“நெத்திலிக் கருவாடும் கொஞ்சம் பலாச்சக்க வத்தலும். அவனும் மஸ்கட்டுலதானே கெடக்கான். பெனிஷ்ட்ட குடுத்தா வந்து வாங்கிக்கிடுவான்.”

சின்னப் பொதியைக் கொக்கியில் மாட்டினார் கிருஷ்ணமணி. முள் ஆடி நின்ற இடத்தைப் பார்த்துச் சிரித்தார். “பூங்கனி, இது பொதி இல்ல, சீதனம்.”

ஐடா பெட்டியைத் திறந்து பார்த்தாள். பிள்ளையின் சாமானில் எதை எடுப்பது? மேலே தனக்கென்று வைத்திருந்த இரண்டு சேலைகளையும் போர்வையையும் வெளியே எடுத்துவிட்டுப் பொதியை வைத்தாள்.

“ஒரு மாசம் கெடக்கப் போற, சீல வேண்டாமா?”

“அங்க என்ன ஆரு பாக்க வாறா? இருக்கது போதும்.”

வீட்டுச் சாவியைப் பூங்கனியிடம் கொடுத்தாள். பூங்கனி அதை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, அக்சா காதில் விழாதபடி கேட்டாள்.

“பிள்ளைய விட்டுட்டு வந்து அந்த வீட்டுல ஒத்தைக்கு என்ன செய்வே?”

“அண்டியாபீசுல திரும்பக் கூப்பிட்டா போவேன்.”

“அது கைக்குச் சோலி. மத்ததுக்கு?”

ஐடா பெட்டியின் ஜிப்பை இழுப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

காரில் போ என்றுதான் பெனிஷ் பலமுறை சொன்னான். ஐடா கேட்கவில்லை. களியக்காவிளை வரை ஒரு பஸ், அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு ஒரு பஸ். பெட்டியை ஏற்றவும் இறக்கவும் யாராவது ஒரு கை கொடுத்தார்கள். மடியில் இருக்கிற பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம் என்றார் கண்டக்டர். மடியில் வைத்துக்கொண்டால்கூட முழுச் சீட்டுக்கும் காசு வாங்குவது விமானக்காரன்தான்.

அக்சா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றாள். போகிற வழியில் தென்பட்ட ஆட்டுக்கெல்லாம் டாட்டா காட்டினாள்.

“அம்மா, நம்ம எப்பம் திரும்பி வருவோம்?”

ஐடா திருத்தவில்லை. பஸ்ஸில் பாடம் நடத்த அவளுக்குத் தெம்பில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொள்ளலாம் என்கிற ஆசையும் இருந்தது.

“பைய வரலாம்.”

“கோழி முட்டையில கெடக்கு. குஞ்சு வாறதுக்குள்ள வருவோமா?”

“ம்.”

பிள்ளையிடம் இப்படிப் பொய் சொல்கிறோமே என்று ஐடா அவள் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டாள். பெற்றவர்கள் இரண்டு பேரும் உண்மையைச் சொல்லுகிற வேலையை அவள் தலையில் கட்டிவிட்டார்கள். அவள் விமானத்தின் தலையில் கட்டலாம் என்று இருந்தாள். ஏறினால் தெரிந்துவிடும், இறங்கினால் பழகிவிடும் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கும் பிசகப் போகிறது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

பஸ் நிறைய ஆட்கள் இருந்தார்கள். யார் தோளிலோ யார் தலையோ சாய்ந்து தூங்கியது. மடியில் பிள்ளை இருந்தும், ஊரிலேயே தன்னந்தனியாக இருப்பவள் தான்தான் என்று ஐடாவுக்குத் தோன்றியது.

விமான நிலையத்தில் முதல் பாதி நன்றாகவே நடந்தது. பெட்டி எடையில் தப்பியது. கம்பளிச் சட்டையைக் கண்ட கவுண்டர் பெண் சிரித்துவிட்டு, “பாவம், ஊரிக் கொடுக்கு சேச்சி” என்று கழற்றிவிடச் சொன்னாள். விமானம் ஏறும்வரை கழற்ற ஐடாவுக்குத் தைரியமில்லை. சோதனை செய்கிற இடத்தில் தண்ணீர்ப் பாட்டிலைக் காலி செய்யச் சொன்னார்கள். கீழே கொட்ட மனமில்லாமல் முழுவதையும் ஐடாவே குடித்துத் தீர்த்தாள். மதியத்துக்கு வாழையிலையில் கட்டிய பொதிச்சோற்றை மட்டும் ஒன்றும் சொல்லாமல் விட்டார்கள்.

அடுத்தது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிற இடம்.

கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். இரண்டு பாஸ்போர்ட்டையும் விரித்துப் பார்த்தார். பெயர்கள் ஒட்டவில்லை. பிள்ளையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

“மோளே, இது ஆரா?”

கேள்வி அக்சாவுக்குப் புரிந்தது. ஒரு வாரமாக வீட்டில் கேட்ட அதே கேள்விதான். ஐடா அவள் முதுகில் லேசாகத் தட்டினாள். சொல்லு மக்கா, ஒரே ஒரு தடவை சரியாகச் சொல்லிவிடு.

அக்சா அதிகாரியைப் பார்த்தாள். ஐடாவைப் பார்த்தாள். அம்மா என்று சொல்லக் கூடாது என்பது நினைவிருந்தது. சொல்ல வேண்டியது எது என்பதுதான் பயத்தில் நழுவிவிட்டது. அம்மாவில் பாதியும் மாமியில் பாதியுமாக எடுத்துச் சேர்த்துத் தைரியமாகச் சொன்னாள்.

“மம்மி.”

அதிகாரி பாஸ்போர்ட்டை மறுபடி பார்த்தார்.

“இதில் அம்மை லிஜா ஆணல்லோ. நிங்ஙள் ஐடா. நிங்ஙள் அம்மையாணோ?”

ஐடாவுக்குப் பிள்ளை கடத்துகிறவர்களைப் பற்றிப் போனில் வருகிற வீடியோக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன.

“இல்ல சார். நான் அம்மா இல்ல.”

“பின்னெ குட்டி மம்மின்னு பறயுந்நதோ?”

“அது அறியாத பிள்ள சார். நான் இவளுக்கு அம்மா ஒண்ணும் இல்ல. இவளுக்க அம்மா மஸ்கட்டுல இருக்கா. நான் இவளுக்க அப்பாவுக்க அக்கா, வளத்தது மட்டுந்தான். இப்பம் கொண்டு விடப் போறேன். விட்டுட்டு நான் திரும்பி வந்திருவேன் சார்.”

பயத்தில் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து வரிசையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்த சம்மதக் கடிதத்தைப் பையிலிருந்து உருவி நீட்டினாள். அவர் படித்தார். தலையசைத்தார். இரண்டு பாஸ்போர்ட்டிலும் முத்திரை விழுந்தது.

“பேடிக்கண்டா. சோதிச்சதே உள்ளூ.” பயப்பட வேண்டாம், சும்மா கேட்டதுதான் என்கிறார்.

அவ்வளவுதான் விஷயம். அவருக்கு அது ஒரு கேள்வி. கேட்டார், பதில் கிடைத்தது, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஐடாவின் கையைப் பிடித்திருந்த சின்னக் கை விட்டுப் போயிருந்தது.

குனிந்து பார்த்தாள். அக்சா அழவில்லை. அழுதிருந்தால் தூக்கித் தோளில் போட்டுக்கொள்ளலாம். அவள் ஐடாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக வீட்டில் நடந்தது விளையாட்டு என்று நினைத்திருந்த பிள்ளை. சரியாகச் சொன்னால் மிட்டாய் கிடைக்கிற விளையாட்டு. அது விளையாட்டில்லை என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் சத்தம் போட்டுச் சொன்னவள் ஐடாதான்.

விமானத்துக்குக் கூப்பிடுகிற இடத்தில் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. ஐடா பொதிச்சோற்றைப் பிரித்தாள். மீன் குழம்பு இலையோடு ஊறி மணத்தது. ஒரு உருண்டை பிடித்து நீட்டினாள்.

“வாயத் தொற மக்கா. விமானத்துல ஒண்ணும் தர மாட்டானுவ.”

அக்சா தலையை ஆட்டினாள். கண்ணாடிக்கு அப்பால் நின்ற விமானத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. அதைப் பார்க்கப் போகிறோம் என்றுதானே இந்த வாரம் முழுக்கக் குதித்தாள்.

போன் அடித்தது. லிஜா. ஐடா கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

“உள்ள போயாச்சா மைனி? ஒண்ணும் கொழப்பம் இல்லியே?”

“ஒண்ணும் இல்ல. பிள்ளைகிட்ட குடுக்கட்டா?”

“வேண்டாம் மைனி. உங்ககிட்ட ஒரு காரியம் சொல்லணும். உங்க தம்பிகிட்ட சொல்லச் சொன்னா சொல்ல மாட்டேங்காரு.” லிஜா குரலைத் தாழ்த்தினாள். “தப்பா எடுக்காதீங்க. நீங்க ஒரு மாசம் இருந்தா அவ உங்க மடிய விட்டு எறங்க மாட்டா. போன தடவ லீவுக்கு வந்தப்பம் கண்டீங்கல்லா? நான் தூக்கினா கத்துவா. உங்களக் கண்டா நிப்பாட்டுவா.”

“ம்.”

“இந்த வாரக் கடைசிலயே உங்களுக்கு டிக்கெட் மாத்திரலாம்னு நெனைக்கேன். ரெண்டு நாள் அழுவா. அந்த ரெண்டு நாளும் நான் எப்பிடியாவது லீவு சொல்லி கூட இருப்பேன். அழுது தீந்தா பின்ன எங்கிட்ட வந்துருவா இல்லியா?”

 அந்தப் பக்கம் லிஜா அழுகிறாள் என்று மூச்சிலிருந்து தெரிந்தது.

“நாலு வருசமா போனுக்கு முத்தம் குடுத்துக்கிட்டு கெடக்கேன் மைனி. பெத்த பிள்ள எனக்க மொகத்தப் பாத்து ஆருன்னு கேட்டா நான் என்ன செய்ய? நீங்களே சொல்லுங்க.”

இதில் ஐடா எந்தப் பக்கம் பேச? லிஜா சொன்னது நியாயம்தான். பெற்றவளின் நியாயத்துக்கு முன்னால் வளர்த்தவளுக்கு வாயில்லை. ஆனால் இந்த வாரமே திரும்பி வந்து அந்தப் பூட்டிய வீட்டைத் திறக்கவும் அவளால் முடியாது. ஒரு மாதம் என்று மனதைத் தேற்றி வைத்திருந்தாள். அந்த ஒரு மாதமும் போனால் அவளுக்கென்று என்ன மிச்சம்?

“மைனி? கேக்குதா? மாத்தட்டா?”

“அங்க வந்து சொல்லுகேன் லிஜா.”

“இன்னைக்கு மாத்தினாத்தான் விமானக்காரனுவ காசு கொறச்சுப் பிடிப்பானுவ.”

“வந்து சொல்லுகேன்னு சொன்னேன்லா.”

போனை வைத்துவிட்டாள். தம்பி மனைவியிடம் இதுவரை அவள் அப்படிப் பேசியதில்லை. பிசைந்த சோறு இலையில் காய்ந்துகொண்டிருந்தது. அதை அப்படியே மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

ஒலிபெருக்கி மஸ்கட் என்றது. சனம் திமுதிமுவென்று எழுந்து வரிசையில் நின்றது. கைக்குழந்தைக்காரர்கள் முதலில் வரலாம் என்று யாரோ சொன்னார்கள். ஐடா எழவில்லை. எழுந்து நடந்தால் இந்தப் பிள்ளையும் தானுமாக இருந்த காலம் முடிந்தது என்று இருந்தது. இப்படியே திரும்பி, வந்த வழியே பஸ் ஏறிவிட்டால் யார் என்ன செய்துவிட முடியும் என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டாள்.

அவள் சேலையை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

அக்சா நாற்காலியிலிருந்து இறங்கி எதிரே நின்றிருந்தாள். கம்பளிச் சட்டையைத் தானே கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

“எல்லாரும் போறாவ. எந்திரி மாமி.”

ஒரு பிசகும் இல்லாமல் சொன்னாள்.